பேச்சு வரும் வயதும் சட்டம் தொடங்கும் வயதும்

2016-ஆம் ஆண்டின் நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர், பண மதிப்பிழப்பு விவகாரத்தால் ஏறக்குறைய முழுவதுமாக முடங்கிப்போனது. அவை கூடுவதும் அமளியில் ஒத்திவைக்கப்படுவதுமாக நாள்கள் கழிந்தன. அந்த அமளிக்கு நடுவிலும் கட்சி வேறுபாடின்றி ஒரு மசோதா நிறைவேறியது. மாநிலங்களவை டிசம்பர் 14-ஆம் தேதியும், மக்களவை கூட்டத்தொடரின் கடைசி நாளான டிசம்பர் 16-ஆம் தேதியும் மாற்றுத்திறனாளிகள் உரிமை மசோதாவுக்கு ஒப்புதல் அளித்தன. அதே மாதம் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெற்ற சட்டம், 2017 ஏப்ரல் 19-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே பட்டியலிட்டிருந்தது. புதிய சட்டம் அதை 21 ஆக உயர்த்தியது. 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' முதன்முறையாகத் தனி வகையாக இடம்பெற்றது. பழைய பட்டியலில் செவித்திறன் குறைபாடு இருந்தது. ஆனால், காது நன்றாகக் கேட்டும் பேச்சு வராத குழந்தைக்கு அதில் இடமே இல்லை. அவ்வகையில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

எனினும், சட்டத்தின் அட்டவணையில் உள்ள வரையறையைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு கேள்வி எழும். குரல்வளை அகற்றப்படுதல், மூளை பாதிப்பால் மொழித்திறனை இழத்தல் போன்ற நிலைகளில், உடலுறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணங்களால் ஏற்படும் நிரந்தரக் குறைபாடே பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்கிறது அந்த வரையறை. எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட இரண்டும் பெரும்பாலும் பெரியவர்களுக்கு நேர்பவை. புற்றுநோய்க்காகக் குரல்வளையை இழந்தவரும், பக்கவாதத்தில் சொற்களை இழந்தவரும் இதில் அடங்குவர். பேச்சே இன்னும் வராத 3 வயதுக் குழந்தை இதில் எங்கே நிற்கிறது என்பதே அந்தக் கேள்வி.

இது வெறும் சொல் ஆராய்ச்சி அன்று. பேச்சுப் பயிற்சி அதிகப் பலன் தருவது 2 வயது முதல் 6 வயதுக்குள். அந்த வயதில் குழந்தையின் குறைபாடு நிரந்தரமானதா, இல்லையா என்று யாராலும் உறுதியாகக் கூற இயலாது. அது நிரந்தரமாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் பயிற்சியே அளிக்கப்படுகிறது. கல்வி உரிமை உள்ளிட்ட பிற சட்டங்களோ, குழந்தைக்கு 6 வயது நிறைந்த பிறகே அதைத் தேடி வருகின்றன. இந்த இடைப்பட்ட ஆண்டுகளை நாடெங்கும் பெற்றோர், குறிப்பாகத் தாய்மார், தனியாகவே சுமந்து வருகின்றனர்.

கணக்கில் வராத குழந்தைகள்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். இவர்களில் பேச்சுக் குறைபாடு உடையோர் சுமார் 20 லட்சம். செவித்திறன் குறைபாடு உடையோர் சுமார் 50.7 லட்சம்.

ஆனால், பேச்சுக் குறைபாட்டை எண்ணுவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உள்ளது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 3 வயது வரையிலான குழந்தைகளைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம் என்றே கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. திக்கிப் பேசினாலும் பேச்சு புரிந்தால் அவர் குறைபாடு உடையவர் அல்லர் என்பதும் அந்த அறிவுறுத்தலில் அடங்கும். கணக்கெடுப்பாளரின் நோக்கில் இது நியாயமே. ஒன்றரை வயதுக் குழந்தை பேசவில்லை என்பதற்காக அதைக் குறைபாட்டுப் பட்டியலில் சேர்க்க முடியாது. ஆனால், இதன் விளைவாக, கவனிக்கப்பட வேண்டிய வயதில் குழந்தைகள் எந்தக் கணக்கிலும் இல்லாமல் போகின்றனர்.

பிரிட்டனில் பள்ளியில் சேரும் வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று, வேறு வெளிப்படையான காரணம் ஏதுமின்றி மொழி வளர்ச்சியில் மட்டும் குறைபாடுள்ள குழந்தைகள் 7 சதவீதத்துக்கும் சற்று அதிகம் எனக் கண்டது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இருவர் என்பது இதன் பொருள். இந்தக் குழந்தைகளைப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஓடும், விளையாடும், சொன்னதைச் செய்யும். பேச்சு மட்டும் வராது; அல்லது வந்தாலும் பிறருக்குப் புரியாது.

'தானாகப் பேசிவிடும்'

ஒரு வயதில் ஓரிரு சொற்கள், 2 வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுதல், 3 வயதில் வெளியாருக்கும் பெருமளவு புரியும் பேச்சு என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் படிநிலை. ஒரு மாதம் முன்பின் ஆவது இயல்பு. சில ஒலிகள் தாமதமாகவே கைகூடும். 3 வயதுத் தமிழ்க் குழந்தை 'மரம்' என்பதை 'மயம்' என்றால் அது கவலைக்குரியது அன்று. 2 வயது கடந்தும் சொற்கள் சேரவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, இருந்த சொற்களும் குறைகின்றன என்றால்தான் உடனே கவனிக்க வேண்டும்.

அந்த நேரத்தில் குடும்பங்களில் கேட்கும் முதல் வாக்கியம், "இவன் அப்பாவும் 4 வயசுலதான் பேசினான், தானாப் பேசிடுவான்" என்பதே. தமிழகத்தில் வசம்பை உரைத்து நாக்கில் தடவுவார்கள். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும், நாக்கின் அடியில் உள்ள நாரை வெட்டிவிட்டால் பேச்சு வரும் என்று நம்புவதும் உண்டு. தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் ஒரு பகுதியினர் எந்தப் பயிற்சியும் இல்லாமலே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவதும் உண்மை. அதனாலேயே இந்த அறிவுரைக்கு வலு கூடுகிறது. யார் எட்டிப் பிடிப்பார், யார் பின்தங்குவார் என்பதை முன்கூட்டிச் சொல்வது கடினம் என்பதால் காத்திருப்பதில் ஆபத்து இருக்கிறது.

முதலில் செய்ய வேண்டியது செவிப் பரிசோதனை. சத்தம் கேட்டால் திரும்புகிறது என்பதை வைத்து காது கேட்கிறது என முடிவு செய்யலாகாது. சில அலைவரிசைகள் மட்டும் கேட்காத குழந்தையும் கதவுச் சத்தத்துக்குத் திரும்பும். ஆனால், பேச்சின் ஒலிகளைப் பிரித்தறியாது. செவி நரம்பின் செயல்பாட்டைக் கருவி மூலம் அறியும் 'பெரா' சோதனையைக் குழந்தை உறங்கும்போதே செய்துவிடலாம். காது கேட்கிறது என்று உறுதியான பிறகே ஆட்டிசம், அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு, மூளை முடக்குவாதம், அண்ணப் பிளவு ஆகியவற்றில் எதுவும் காரணமா என்று பார்ப்பர். இவை எதுவும் இல்லாமல், வாயசைவுகளை ஒருங்கிணைக்க மூளை இடும் கட்டளையில் மட்டும் தடுமாற்றம் இருப்பதும் உண்டு. 'அப்ராக்சியா' எனப்படும் இந்நிலையில், குழந்தைக்குச் சொல்ல வேண்டியது தெரியும். ஆனால், வாய் அதற்கு இணங்காது. ஒருமுறை சரியாகச் சொன்ன சொல் அடுத்த முறை வேறாக வரும்.

வீட்டில் நடக்கும் பயிற்சி

பயிற்சி மையத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோய் விட்டுவிட்டால், மருந்து ஊசி போட்டதுபோல் பேச்சு வந்துவிடும் என்று எண்ணியே பல பெற்றோர் தொடங்குகின்றனர். வாரத்துக்கு இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்றால், மாதம் முழுவதற்கும் 6 மணி நேரமே ஆகிறது. குழந்தை விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான் கழிகிறது. எனவே, பயிற்சியாளரின் பணியில் பாதி பெற்றோருக்குக் கற்றுத்தருவதே.

கற்றுத்தரப்படுவது கடினமான வித்தை அன்று. ஆனால், பொறுமை மிகவும் தேவைப்படுவது. குழந்தை தண்ணீர்க் குவளையைக் காட்டிச் சிணுங்கினால் உடனே எடுத்துக் கொடுத்துவிடாமல், அதன் கண்ணைப் பார்த்துச் சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். ஒலி எதுவும் எழுந்தால் அதை முயற்சியாக ஏற்று, 'தண்ணி' என்று தெளிவாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குழந்தை 'தண்ணி' என்று சொல்லத் தொடங்கிய பிறகு, 'தண்ணி வேணும்' என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்ல வேண்டும். 'சொல்லு, சொல்லு' என்று வற்புறுத்தக் கூடாது. விருந்தினர் முன் நிறுத்திச் சொல்லவைக்கக் கூடாது. திக்கிப் பேசும் குழந்தையாயின், அது தேடும் சொல்லை முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காமல், தாமும் நிதானமாகப் பேசி, முடிக்கும்வரை கேட்க வேண்டும். அப்ராக்சியா உள்ள குழந்தைக்கு, ஒரே அசையை நாள்தோறும் பல முறை, விளையாட்டின் நடுவே திரும்பத் திரும்பச் சொல்லவைக்க வேண்டும்.

கூட்டுக்குடும்பத்தில் இதற்கு வேறொரு தடை உண்டு. தாய் காத்திருக்கும் அந்தச் சில விநாடிகளில் பாட்டி குவளையை எடுத்து நீட்டிவிடுவார். 'பிள்ளையை ஏன் ஏங்க வைக்கிறாய்' என்ற கடிந்துரையும் வரும். தம்பிக்குப் பதிலாக அக்காவே எல்லாவற்றையும் பேசிவிடுவாள். அழுகையை அடக்கக் கைப்பேசி கொடுக்கப்படும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே காட்டக் கூடாது. 2 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. திரை குழந்தையிடம் பேசும். ஆனால், குழந்தையின் மறுமொழிக்காகக் காத்திராது. ஆக, வீடு முழுவதும் பயிற்சியை அறிந்திருந்தால்தான் பயன் கிட்டும். மையங்களுக்கு வருவதோ பெரும்பாலும் தாய் மட்டுமே.

தில்லியின் கிழக்கு எல்லையில், மயூர் விகாரில் வசிக்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள். அமர்வுகள் பகலில்தான் கிடைக்கும். ஒருவர் அலுவலகத்தில் பாதி நாள் விடுப்பு எடுக்க வேண்டும். சில மாதங்களில் அது ஊதியமில்லா விடுப்பாகும். அதன்பின் ஒருவர் வேலையை விட வேண்டியிருக்கும். மத்திய அரசின் பெண் ஊழியராக இருந்தால் பணிக்காலத்தில் 730 நாள்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத்திலோ அன்றாடக் கூலியிலோ இருப்பவருக்கு அது இல்லை.

செலவுக்கும் வழி குறைவு. 2018-ல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உரியது. பேச்சுப் பயிற்சிக்காக எந்தக் குழந்தையும் மருத்துவமனையில் படுப்பதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' என்னும் காப்பீடு உண்டு. உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். பேச்சுக் குறைபாடு மட்டும் உள்ள குழந்தை அந்த நான்கில் வராது.

எந்த மொழியில் பேசுவது?

தலைநகரில் குடியேறிய குடும்பங்களுக்கு இன்னொரு குழப்பமும் சேர்கிறது. வீட்டில் தமிழோ வங்காளமோ மைதிலியோ, தெருவில் ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம். குழந்தை பேசவில்லை என்றதும், வீட்டு மொழியை நிறுத்திவிட்டு ஒரே மொழியில் பேசுங்கள் என்ற அறிவுரை எளிதாக வந்துவிடுகிறது. பள்ளிகள் அது ஆங்கிலமாக இருக்க வேண்டும் என எதிர்பார்க்கின்றன.

இரு மொழிகள் காதில் விழுவதால் மொழிக் குறைபாடு உண்டாவதில்லை என்பதும், குறைபாடுள்ள குழந்தையும் இரு மொழிகளைக் கற்க இயலும் என்பதும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளின் பொதுவான முடிவு. மாறாக, பெற்றோர் தமக்குச் சரளமில்லாத மொழியில் பேச முயன்றால் வீட்டில் உரையாடலே சுருங்கிப்போகும். தாலாட்டும் கதையும் கொஞ்சலும் தாய்மொழியில்தான் இயல்பாக வரும். பேச வேண்டும் என்ற ஆசையைக் குழந்தையிடம் தூண்டுவது அவைதாம்.

ஆனால், தில்லியில் தமிழ் அறிந்த பயிற்சியாளரைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. ஹிந்தி பேசும் பயிற்சியாளரிடம் செல்லும் தமிழ்க் குழந்தைக்கு, பயிற்சி மையத்தின் சொல் ஒன்றாகவும் வீட்டின் சொல் வேறாகவும் இருக்கும். ஒடிசாவின் பழங்குடிப் பகுதியிலும் ஜார்க்கண்டின் சந்தால் கிராமத்திலும் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

நான்கு அமைச்சகங்களின் குழந்தை

அரசு எதுவுமே செய்யவில்லை என்று கூற முடியாது. இத்துறையில் இந்தியாவின் முயற்சி பழைமையானது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1965-ல் தொடங்கப்பட்டது. மும்பையில் அலி யாவர் ஜங் பெயரிலான தேசிய நிறுவனம் 1983-ல் உருவானது. பேச்சுப் பயிற்சியாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவின்றித் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. தெருவுக்குத் தெரு முளைக்கும் மையங்களுக்குச் செல்லும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பதிவு எண்ணைத்தான்.

2013 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைக்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டம், பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளை 30 வகை நலக் குறைபாடுகளுக்காகப் பரிசோதிக்க வகை செய்கிறது. அந்த 30-ல் மொழி வளர்ச்சித் தாமதமும் ஒன்று. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை, அரசுப் பள்ளிக்கு ஒருமுறை செல்ல வேண்டும். தாமதம் கண்டறியப்பட்ட குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே பேச்சு மற்றும் செவித்திறன் வல்லுநர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி.

காகிதத்தில் இது நல்ல திட்டம். ஆனால், கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு வாரம் இருமுறை, ஆண்டுக்கணக்கில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரக்கூடிய கூலித் தொழிலாளர் எத்தனை பேர்? ஒரு நாள் பயணம் ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். மாவட்டத்துக்கு ஒரே வல்லுநர் என்றால், அவர் விடுப்பில் போனாலும், பணியிடம் காலியானாலும், மாவட்டம் முழுவதற்கும் பயிற்சி நின்றுபோகும்.

திட்டங்கள் பிரிந்து கிடப்பது மற்றொரு சிக்கல். பரிசோதனையும் மைசூர் நிறுவனமும் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. மும்பை நிறுவனமும் மறுவாழ்வு கவுன்சிலும் குறைபாட்டுச் சான்றிதழும் சமூக நீதி அமைச்சகத்தைச் சேர்ந்தவை. 2021 ஜூனில் தில்லி, மும்பை, சென்னை உள்ளிட்ட 14 இடங்களில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்ட இடையீட்டு மையங்களும் அதனுடையவையே. குழந்தை நாள்தோறும் செல்லும் அங்கன்வாடி, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் பொறுப்பு. மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் அடையாளம் கண்டு சேர்ப்பதற்கான நெறிமுறையை அந்த அமைச்சகம் 2023 நவம்பரில்தான் வெளியிட்டது. பள்ளியில் சேர்ந்த பிறகோ, கல்வி அமைச்சகத்தின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் சிறப்புத் தேவை உள்ள குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் ஒதுக்கீடு.

நான்கு அமைச்சகங்களின் கோப்புகளில் ஒரே குழந்தை இருக்கிறது. ஓரிடத்தில் கண்டறியப்பட்ட குறை அடுத்த இடத்துக்குத் தெரிவிக்கப்பட்டதா, பயிற்சி தொடங்கியதா, இடையில் நின்றதா என்பதைத் தொடக்கம் முதல் இறுதிவரை கவனிக்கும் பொறுப்பு இவற்றில் எந்த ஒன்றிடமும் முழுமையாக இல்லை. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் கோப்பைத் தூக்கிச் செல்வதும் தாயே.

ஆறு வயது என்னும் எல்லை

செவித்திறன் இல்லாத குழந்தைகள் விஷயத்தில் அரசின் அணுகுமுறை வேறாக இருந்திருக்கிறது. உதவி உபகரணங்கள் வழங்கும் மத்தியத் திட்டம் 2014-ல் திருத்தப்பட்டபோது, சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்த, கருவி ஒன்றுக்கு 6 லட்சம் ரூபாய் வரை உதவி அறிவிக்கப்பட்டது. வயது கூடினால் பலன் குறையும் என்பதை உணர்ந்து 5 வயதுக்குள் எனவும் வரம்பு வைக்கப்பட்டது. மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் பருவம் முந்தியது என்ற மருத்துவ உண்மையை அரசு அங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கருவி பொருத்தினால் மட்டும் பேச்சு வந்துவிடாது; அதன் பிறகும் தொடர் பயிற்சி தேவை என்பதும் அத்திட்டத்தில் ஏற்கப்பட்டுள்ளது.

அதே உண்மை மற்றச் சட்டங்களுக்கு எட்டவில்லை. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதற்கு முந்தைய வயதினரை 45-ஆவது பிரிவில், அரசு முயல வேண்டும் என்ற வழிகாட்டு நெறியோடு நிறுத்தியது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், 3 முதல் 6 வயதினருக்கான முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்றே கூறுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இலவசக் கல்வி பெறும் உரிமை 6 வயது முதல் 18 வயது வரை. அதுவும் 40 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால்.

இதன் விளைவை நர்சரி சேர்க்கையில் காணலாம். குழந்தையையோ பெற்றோரையோ தேர்வுக்கு உட்படுத்திச் சேர்க்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஆனால், இச்சட்டம் 6 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது. தனியார் பள்ளிகளின் நர்சரி சேர்க்கையில் நலிந்த பிரிவினருக்கான இடங்கள் நீங்கலாக இது பொருந்தாது என 2013 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயரைக் கேட்டால் சொல்லாத 3 வயதுக் குழந்தைக்கு மற்றக் குழந்தைகளின் பேச்சு காதில் விழுவதே பெரிய பயிற்சி. அக்குழந்தையைத்தான் பள்ளிகள் முதலில் தவிர்க்கின்றன.

மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 25-ஆவது பிரிவில் ஒரு நல்ல விதி உள்ளது. பாதிப்புக்கு வாய்ப்புள்ளோரைக் கண்டறிய எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்க வேண்டும் என்கிறது அது. கண்டறியப்பட்ட பின் குறிப்பிட்ட காலத்துக்குள் பயிற்சி தொடங்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அதில் இல்லை.

சான்றிதழ் தரும் சங்கடம்

சட்டத்தின் கீழ் 2017-ல் வகுக்கப்பட்ட விதிகள், காலப்போக்கில் மாற வாய்ப்புள்ள குறைபாடுகளுக்குக் காலவரையறையுடன் சான்றிதழ் வழங்க இடம் தருகின்றன. ஆனால், தாய்ச் சட்டத்தின் வரையறையில் 'நிரந்தர' என்ற சொல் இருக்கும்வரை, வளரும் குழந்தைக்கு எந்த முடிவை எடுப்பது என்பது அந்தந்த மருத்துவக் குழுவின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

பெற்றோருக்கும் தயக்கம் உண்டு. சான்றிதழ் வாங்கினால் உதவி கிட்டலாம். ஆனால், நாளை பேச்சு வந்துவிட்டாலும் அந்தத் தாள் பிள்ளையின் பின்னால் வருமோ என்ற அச்சம். பெண் குழந்தையாக இருந்தால் திருமணப் பேச்சு வரை அச்சம் நீள்கிறது.

அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்ல முடியாது. உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீட்டைப் பேச்சுக் குறைபாடு உடையோரும் பெறலாம். அரசுப் பணிகளில் 4 சதவீத ஒதுக்கீட்டை வகைப்படுத்தும் 34-ஆவது பிரிவிலோ பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டின் பெயரே இல்லை. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவர், 40 சதவீதத்துக்கு மேல் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு உள்ளதாகச் சான்றளிக்கப்பட்ட காரணத்தாலேயே எம்பிபிஎஸ் படிப்புக்குத் தகுதியற்றவராக அறிவிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. குறைபாட்டின் சதவீதத்தை மட்டும் வைத்து ஒருவரை விலக்கக் கூடாது; படிப்பைத் தொடர அவருக்கு இயலுமா என்பதை மருத்துவக் குழு ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும் என 2024 அக்டோபரில் அளித்த விரிவான தீர்ப்பில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அதாவது, 3 வயதில் உதவி கேட்கும்போது, இது நிரந்தரமா என்று கேட்கும் அமைப்பு, 18 வயதில் வாய்ப்புக் கேட்கும்போது, சதவீதம் எவ்வளவு என்று கேட்டு வாசலை அடைத்தது. நீதிமன்றம் அதைத் திறந்துவிட வேண்டியிருந்தது.

செய்யக் கூடியவை

இதற்குப் புதிதாகப் பெரும் நிதி ஒதுக்க வேண்டும் என்பதில்லை. இருக்கும் திட்டங்களை இணைத்தாலே பாதி வேலை முடியும். மாவட்ட மையங்களில் பேச்சுப் பயிற்சியாளர் பணியிடங்கள் காலியாக இருத்தலாகாது. அவர்கள் வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில் வட்டார மருத்துவமனைகளுக்குச் சென்று பயிற்சி அளிக்கலாம். கொரோனா காலத்தில் காணொலி வழியாகப் பயிற்சி அளிப்பது பரவலானது. பெற்றோருக்கு வழிகாட்ட அம்முறையை, அவரவர் மொழியில், தொடர்ந்து பயன்படுத்தலாம். அங்கன்வாடி ஊழியருக்கு எடையும் உயரமும் பார்க்கத் தெரிந்ததுபோல், 2 வயதுக் குழந்தையின் சொற்களைக் கவனிக்கவும் கற்றுத்தரலாம். தாயோடு தந்தையும் தாத்தா பாட்டியும் பயிற்சி மையத்துக்கு ஒருமுறையேனும் வந்து செல்வதை மையங்கள் வலியுறுத்தலாம்.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியவை இரண்டு. பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டின் வரையறையில், வளரும் குழந்தைகளுக்கு ஏற்படும் குறைபாடுகளை, அவை நிரந்தரமா என்ற கேள்வியின்றிச் சேர்ப்பது ஒன்று. 6 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாமதம் கண்டறியப்பட்டால், பயிற்சி பெறுவதை அதன் உரிமையாக்குவது மற்றொன்று. 2016-ல் எந்தக் கூச்சலும் இன்றி ஒன்றுபட்டு வாக்களித்த கட்சிகளுக்கு இதில் கருத்து வேறுபாடு இருக்கக் காரணமில்லை. இந்தக் குழந்தைகள் தங்களுக்காகப் பேச முடியாதவர்கள். இவர்களுடைய பெற்றோருக்கோ கோரிக்கை மனுவுடன் தில்லிக்கு வர நேரமில்லை. தத்தம் தொகுதியில் உள்ள மாவட்ட மையத்தில் பேச்சுப் பயிற்சியாளர் பணியில் இருக்கிறாரா என்பதை ஒவ்வொரு உறுப்பினரும் நேரில் சென்று பார்த்து, இல்லையெனில் அவையில் கேள்வி எழுப்ப முன்வர வேண்டும்.